எல்.ஐ.சி. கட்டிடம் 14 மாடியா, 15 மாடியா? (கூடவே அந்தச் சிவப்புக் கட்டிடமும்)

மயிலை_மாடிவீடு

வீட்டில் ஒரு பஞ்சாயத்து. யாராவது தீர்த்து வையுங்கள்.

அப்பா விருத்தாசலம் பக்கத்துக் கிராமத்துக்காரர். 1962-ல் முதன்முதலாக மெட்ராஸ் வந்தார். வந்த அன்று சாயங்காலம் தாத்தா காட்டியது கடல், மறுநாள் காலை காட்டியது மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று அண்ணாந்து பார்த்து ஒவ்வொன்றாக எண்ணிப் பதினாலு என்று முடித்தாராம். ஊருக்குத் திரும்பி ஒரு மாதம் இதே கதைதான் ஓடியிருக்கிறது. நாங்களும் "பதினாலு மாடி" என்று கேட்டே வளர்ந்தோம்.

போன வாரம் என் மகள் பள்ளிக்கூட ப்ராஜெக்டில் 15 என்று எழுதிவிட்டாள். இணையத்தில் அப்படித்தான் இருக்கிறதாம். அப்பா இரண்டு நாளாக அவளோடு சரியாகப் பேசுவதில்லை.

எண்ணிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசை அந்தக் காலத்தில் எதற்கு அவ்வளவு உயரமாகக் கட்டினார்கள்? யார் கட்டியது? கொஞ்ச தூரம் தள்ளி ஜெனரல் பேட்டர்ஸ் சாலை முனையில் பாழடைந்து நிற்கிற சிவப்புக் கட்டிடமும் இவர்களுடையதுதான் என்று ஆட்டோக்காரர் சொன்னார். உண்மையா?

---

மலைக்கோட்டை_மாமா

177 அடிக்கு இவ்வளவு அலட்டலா? தஞ்சாவூர் பெரிய கோயில் விமானம் 216 அடி. 1010-லேயே முடிந்துவிட்டது. 949 வருஷம் கழித்து, லாரி, கிரேன், சிமெண்ட் எல்லாம் வைத்துக்கொண்டு அதைவிடக் குட்டையாகக் கட்டிவிட்டு அண்ணாந்து பார்க்கிறீர்கள்.

---

செங்கல்_சூளை

மாமா, ராஜராஜன் அதற்குள் தளத்துக்கு நூறு பேரை உட்கார வைத்து ஃபைல் பார்க்கச் சொல்லவில்லையே. லிஃப்டும் கக்கூசும் தளத்துக்குத் தளம் வைக்கவில்லை. உயரத்தை உயரத்தோடு மட்டும் ஒப்பிட்டால் எப்படி?

மயிலை நண்பருக்கு: இரண்டும் சரி. தரைத்தளத்தையும் சேர்த்தால் 15, விட்டால் 14. உயரம் மாமா சொன்ன 177 அடிதான், 54 மீட்டர். 1959 ஆகஸ்ட் 23-ல் திறந்தார்கள். அப்போது இந்தியாவிலேயே உயரமானது. 1961-ல் பம்பாயில் உஷா கிரண் என்ற கட்டிடம் வந்து அந்தப் பெயரைப் பிடுங்கிக்கொண்டது. மெட்ராசுக்குள் மட்டும் 35 வருஷத்துக்கு மேல் இதைத் தாண்ட ஆளில்லை.

வரைபடம் போட்டவர்கள் லண்டனைச் சேர்ந்த பிரவுன், மௌலின் என்ற இருவர். நியூயார்க் ஐ.நா. தலைமைச் செயலகத்தின் சாயல் இதில் இருக்கும். தீப்பெட்டியை நிறுத்தி வைத்த மாதிரி ஒரு பலகைக் கட்டிடம், உச்சியில் கோபுரமோ குவிமாடமோ கிடையாது. அவர்கள் பாதியில் விலகியதும் நம்ம ஊர் எல்.எம்.சித்தலே எடுத்து முடித்தார். காண்ட்ராக்ட் கோரமண்டல் என்ஜினியரிங், முருகப்பா குழுமம்.

---

கொத்தனார்_பேரன்

செங்கல் அண்ணே, ஒரு விஷயத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உயரத்தைவிடப் பெரிய விஷயம் எங்கள் தாத்தா போன்றவர்களுக்கு அங்கே நடந்தது.

தாத்தா வந்தவாசியிலிருந்து வந்து மெட்ராசில் சுண்ணாம்பு வேலை செய்தவர். அந்தக் காலத்து மவுண்ட் ரோடு கடைகளுக்குக் கூரை என்றால் மெட்ராஸ் டெரஸ்தான். தேக்கு உத்திரம், அதன்மேல் குறுக்குக் கட்டைகள், கட்டைகளின்மேல் அச்சுக்கல். அச்சுக்கல் என்றால் சாதாரணச் செங்கல் இல்லை, பிஸ்கெட் மாதிரி மெல்லிசாக இருக்கும். அதைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, மூலைவாட்டாகச் சுண்ணாம்புச் சாந்தில் வரிசை கட்டுவார்கள். அதற்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சின்ன மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். தட்டத் தட்டக் கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீரைத் தெளிக்க வேண்டும். கட்டை பட்டுத் துள்ளுகிற சத்தத்தை வைத்தே இறுகிவிட்டதா என்று தாத்தா சொல்லிவிடுவார். "டொக்குனு கேட்டா இன்னும் ரெண்டு நாளு. டங்குனு கேட்டா எழுந்திரு."

எல்.ஐ.சி. வந்தபோது இதில் எதற்கும் அங்கே வேலை இல்லை. கம்பி கட்டுகிறவர், சென்ட்ரிங் அடிக்கிறவர், கலவை போடுகிறவர், அவ்வளவுதான். அதற்கு முன்னால் மெட்ராசில் சிமெண்ட் கான்கிரீட் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெரிய கட்டிடம் என்றால் இனி சுண்ணாம்பு கிடையாது, தூண்தான் என்று ஊருக்கே தெரிந்தது இந்தக் கட்டிடத்தில்தான். தாத்தா அதைத் திட்டினதும் இல்லை, புகழ்ந்ததும் இல்லை. "சுவரே இல்லாம எப்படிடா நிக்குது" என்று மட்டும் கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்.

---

செங்கல்_சூளை

பேரன் தம்பி, தாத்தா கேட்டதுதான் உண்மையான கேள்வி. பதில் சொல்கிறேன், போரடித்தால் தாண்டிப் போய்விடுங்கள்.

பழைய கட்டிடத்தில் சுவர்தான் எல்லாச் சுமையையும் வாங்கும். மாடி ஏற ஏற அடிச்சுவர் தடித்துக்கொண்டே போக வேண்டும். "அப்படி 14 மாடி கட்டவே முடியாதா?" என்றால் முடியும், கட்டியும் இருக்கிறார்கள். சிகாகோவில் 1891-ல் முடிந்த மொனாட்நாக் கட்டிடம் 16 மாடி, வடக்குப் பாதி முழுக்கச் செங்கல் சுவரில் நிற்கிறது. ஆனால் அடியில் சுவரின் தடிமன் 6 அடி! ரோட்டோரக் கடையில் ஆறடிச் சுவர் வைத்தால் சரக்கை எங்கே வைப்பது? போதாக்குறைக்கு அந்தப் பாரத்தில் கட்டிடம் எதிர்பார்த்ததைவிட அதிகமாக மண்ணுக்குள் இறங்கியது. இரண்டு வருஷம் கழித்துத் தெற்குப் பாதியைக் கட்டும்போது இரும்புச் சட்டத்துக்குப் போய்விட்டார்கள். ஒரே கட்டிடத்தில் இரண்டு காலம்.

எல்.ஐ.சி.யில் தூணும் உத்திரமும் சேர்ந்த கான்கிரீட் கூடுதான் பாரத்தைத் தாங்குகிறது. சுவர் வெறும் மறைப்பு. வேண்டாம் என்றால் இடித்து வேறு இடத்தில் வைத்துக்கொள்ளலாம். தாத்தாவுக்கு அது சுவராகவே தெரியாததில் ஆச்சரியம் இல்லை.

---

பென்ஷன்_தாத்தா

பிள்ளைகளா, 1975 ஜூலை 11-ஐ யாரும் சொல்லவில்லையே. எல்.ஐ.சி. எரிந்த நாள். நான் அப்போது எல்லிஸ் சாலையில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மவுண்ட் ரோடு முழுக்க ஜனம். எல்லோரும் மேலே பார்த்தபடி நிற்கிறார்கள், ஒருவரும் பேசவில்லை. மறுநாள் காலையில் அந்தப் பக்கம் போனால் ரோட்டில் கருப்புத் தண்ணீர் ஓடிக் காய்ந்திருந்தது. ஈரக்காகிதம் கருகின நாற்றம், வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் மூக்கை விட்டுப் போகவில்லை. நல்லகாலம், உயிர்ச்சேதம் இல்லை. எங்கள் கடைக்காரர், "இனிமே இதை இடிச்சிருவானுங்க" என்றார். இடிக்கவில்லை. சரிசெய்து திரும்பவும் உள்ளே போனார்கள்.

---

செங்கல்_சூளை

ஐயா, அந்தக் கான்கிரீட் கூடுதான் காப்பாற்றியிருக்கும். தீயில் கம்பி 500, 600 டிகிரியைத் தொட்டால் பாதி பலத்தை இழந்துவிடும். ஆனால் கம்பியைச் சுற்றி ஒன்றரை, இரண்டு அங்குலம் கான்கிரீட் இருந்தால் அந்தச் சூடு உள்ளே போய்ச்சேர நேரம் பிடிக்கும். மேல்பூச்சு வெடித்துச் சில்லு சில்லாகக் கொட்டும், பார்க்கப் பயங்கரமாக இருக்கும், உள்ளே எலும்பு நன்றாகவே இருக்கும்.

2023 ஏப்ரலில் உச்சியில் இருக்கிற பெயர்ப்பலகை தீப்பிடித்ததும் ஞாபகம் வருகிறது. கொஞ்ச நேரத்தில் அணைத்துவிட்டார்கள். ஆனால் வாட்ஸ்அப்பில் அன்று ராத்திரி முழுக்க "எல்.ஐ.சி. எரிகிறது" என்று வந்துகொண்டே இருந்தது. மஸ்கட்டிலிருக்கிற எனக்கே ஏழு பேர் அனுப்பினார்கள்.

---

கணக்குப்பிள்ளை

எல்லோரும் செங்கல், சிமெண்ட் என்றே பேசுகிறீர்கள். மயிலை நண்பர் கேட்ட "எதற்கு அவ்வளவு உயரம்" என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை. நான் தொழிலில் ஆடிட்டர், எனக்கு இது கணக்குப் புத்தகத்தில் நடந்த கதை. கொஞ்சம் நீளும்.

முதல் விஷயம், இது எல்.ஐ.சி. கட்ட ஆரம்பித்த கட்டிடமே இல்லை. 1953-ல் வேலை தொடங்கியபோது எல்.ஐ.சி. என்று ஒன்று பிறக்கவே இல்லை. தொடங்கியவர் எம்.சிடி.சிதம்பரம் செட்டியார், தம்முடைய யுனைடெட் இந்தியா லைஃப் அஷ்யூரன்ஸ் கம்பெனிக்காக. 1937-ல் இந்தியன் ஓவர்சீஸ் பேங்கை ஆரம்பித்தவரும் அவர்தான். காரைக்குடி, மெட்ராஸ், ரங்கூன் என்று மூன்று ஊரில் ஒரே நாளில் கிளை திறந்த ஆள். அப்படிப்பட்டவருக்கு ஆபீஸ் என்றால் சும்மா இருக்குமா? முதல் திட்டம் 18 மாடி.

ஆயுள் காப்பீட்டை விற்பது வெறும் காகிதத்தை விற்பது. இன்று பணம் கட்டு, முப்பது வருஷம் கழித்து உன் பெண்டாட்டி பிள்ளைக்குத் தருகிறேன் என்கிறான். அதுவரை இந்தக் கம்பெனி இருக்குமா என்று பாலிசி எடுப்பவனுக்குச் சந்தேகம் வராதா? அதற்குத்தான் கட்டிடம். அந்த நாளில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு ஊருக்கு நடுவில் கட்டியதெல்லாம் இந்த ஒரு சந்தேகத்துக்குச் சொன்ன பதில்.

1954 மார்ச் 13 அன்று சிங்கப்பூர் காலாங் விமான நிலையத்தில் இறங்கும்போது விமானம் விபத்துக்குள்ளாகிச் சிதம்பரம் செட்டியார் இறந்துபோனார். வயது 45.

1956 ஜனவரி 19 ராத்திரி நிதியமைச்சர் சி.டி.தேஷ்முக் ரேடியோவில் பேசினார். ஆயுள் காப்பீட்டுத் தொழிலை அரசு எடுத்துக்கொள்கிறது என்றார். அந்த செப்டம்பர் 1-ஆம் தேதி 245 கம்பெனிகளும் சங்கங்களும் சேர்ந்து எல்.ஐ.சி. ஆனது. யுனைடெட் இந்தியாவும் போயிற்று, மவுண்ட் ரோட்டில் பாதி வேலையில் நின்ற கட்டிடமும் போயிற்று.

அந்தச் சிவப்புக் கட்டிடம் உள்ளே வருவது இங்கேதான். சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.

---

மலைக்கோட்டை_மாமா

சேப்பாக்கம் ஸ்டேடியத்துக்குப் பேர் வைத்திருப்பது இந்தச் சிதம்பரம் செட்டியாருக்குத்தானே?

---

பென்ஷன்_தாத்தா

இல்லை. அது எம்.ஏ.சிதம்பரம். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் மகன். இவர் எம்.சிடி. முன்னெழுத்தைக் கவனிக்காமல் எங்கள் ஊரில் பெண் கூடக் கேட்க மாட்டார்கள்.

---

கணக்குப்பிள்ளை

வந்துவிட்டேன். சிவப்புக் கட்டிடம்.

அது 1897-ல் டபிள்யூ.இ.ஸ்மித் என்ற மருந்துக் கம்பெனிக்காகக் கட்டியது. வரைந்தவர் ஜே.எச்.ஸ்டீபன்ஸ், ஹைகோர்ட் கட்டிடத்தில் ஹென்றி இர்வினோடு வேலை பார்த்தவர். கார்டைல் பில்டிங் என்று பேர். 1934-ல் அதை வாங்கியது லாகூரைச் சேர்ந்த பாரத் இன்ஷூரன்ஸ். அதனால்தான் இன்றும் "பாரத் இன்ஷூரன்ஸ் பில்டிங்".

இரண்டு வருஷம் கழித்து அந்தக் கம்பெனி தொழிலதிபர் ராமகிருஷ்ண டால்மியா கைக்குப் போனது. 1955 டிசம்பரில் பெரோஸ் காந்தி பார்லிமெண்டில் எழுந்து, பாலிசிதாரர்களின் பணம் எங்கே போனது என்று பாரத் இன்ஷூரன்சை வைத்துக் கேட்டார். பேசியவர் நேருவின் மருமகன், ஆளும் கட்சிக்காரர். கேட்டது தன் கட்சி அரசைப் பார்த்து. காணாமல் போனது இரண்டு கோடிக்கு மேல். வழக்கு நடந்து டால்மியா ஜெயிலுக்குப் போனார், 1962-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது.

அந்தப் பேச்சு நடந்து ஆறே வாரத்தில் தேஷ்முக்கின் ரேடியோ அறிவிப்பு.

ஆக, மவுண்ட் ரோட்டில் சிவப்புக் கட்டிடத்தை வைத்திருந்த கம்பெனியில் நடந்த திருட்டு, அதே ரோட்டில் நடந்து போகிற தூரத்தில் எழும்பிக்கொண்டிருந்த வெள்ளைக் கட்டிடத்தின் முதலாளியை மாற்றியது. இரண்டும் ஒரே நாளில் ஒரே கைக்கு வந்தன. ஆட்டோக்காரர் சொன்னது சரி.

---

செங்கல்_சூளை

கணக்கு சார், ஒரு சின்ன மறுப்பு. ஒரு டால்மியாவால்தான் தேசியமயம் வந்தது என்று சொல்ல முடியுமா? ஐந்தாண்டுத் திட்டத்துக்குப் பணம் வேண்டியிருந்தது, அது எங்கே இருக்கிறது என்று பார்த்தால் இன்ஷூரன்சில் இருந்தது. இதுவும் ஒரு காரணம்தானே?

---

கணக்குப்பிள்ளை

ஒத்துக்கொள்கிறேன். தேஷ்முக்கே அப்போது ஒரு கணக்குச் சொன்னார்: அதற்கு முந்தைய பத்து வருஷத்தில் 25 ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகள் திவாலாகியிருந்தன, இன்னொரு 25 கம்பெனிகள் கையிருப்பைக் கரைத்துவிட்டு வேறு கம்பெனிகளின் தலையில் தொழிலைக் கட்டியிருந்தன. விறகு முன்னாலேயே காய்ந்துதான் கிடந்தது. தீக்குச்சி பாரத் இன்ஷூரன்ஸ்.

கதை அங்கேயும் முடியவில்லை. எல்.ஐ.சி. பிறந்து ஒரு வருஷம்கூட ஆகாத நேரம், 1957 ஜூனில், ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் தள்ளாடிக்கொண்டிருந்த கம்பெனிப் பங்குகளைச் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கியது. டிசம்பரில் அதே பெரோஸ் காந்தி மறுபடி எழுந்தார். நீதிபதி சாக்ளா கமிஷன் பம்பாயில் பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் ராஜினாமா. யார் அந்த நிதியமைச்சர்? நம்ம மெட்ராஸ் டி.டி.கிருஷ்ணமாச்சாரி. மார்ச்சில் அந்த இடத்துக்கு வந்தவர் மொரார்ஜி தேசாய்.

1959 ஆகஸ்டில் எல்.ஐ.சி. கட்டிடத்தைத் திறந்து வைத்தவர் யார் என்று இப்போது சொல்லுங்கள்.

---

மயிலை_மாடிவீடு

மொரார்ஜியா! முந்த்ரா விவகாரம் இல்லையென்றால் டி.டி.கே. வந்து சொந்த ஊரில் ரிப்பன் வெட்டியிருப்பார்.

---

பென்ஷன்_தாத்தா

மயிலாப்பூர்க்காரர்கள் கொஞ்ச நாள் அதைச் சொல்லிப் புலம்பினார்கள். எனக்கே ஞாபகம் இருக்கிறது.

---

நிழற்படம்_நித்தி

நான் பழைய கட்டிடங்களைப் படமெடுக்கிறவள். இத்தனை நேரம் படித்துக்கொண்டிருந்தேன், இப்போது சண்டைக்கு வருகிறேன். வெள்ளைக் கட்டிடத்தைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு சிவப்பை "பாழடைந்தது" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டீர்கள். மெட்ராசில் கடைக்காகக் கட்டியதிலேயே அழகு அதுதான் என்பேன். ஹைகோர்ட்டும் மியூசியமும் சர்க்கார் காசில் கட்டியவை, அவற்றில் கோபுரமும் குவிமாடமும் இருப்பதில் என்ன அதிசயம்? இது மருந்துக்கடை! மருந்துக்கடைக்குத் துணிந்து கோபுரம் வைத்தான்.

கடைசியாகப் போனபோது உள்ளே விடவில்லை. தகரத் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து டெலி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். செங்கல் வளைவு ஒன்றில் சாந்து உதிர்ந்த இடுக்கில் அரசங்கன்று ஒன்று வளர்ந்திருக்கிறது, என் மணிக்கட்டுத் தடிமன் இருக்கும். அதன் வேர் வளைவின் நடுக்கல்லைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்குகிறது. வளைவு விழாமல் இருப்பது இப்போது அந்த வேரால்தானோ என்றுகூடத் தோன்றியது. வேரை வெட்டினால் கல் விழும், விட்டால் கல் பிளக்கும்.

2006-ல் இடிக்க ஆரம்பித்தார்கள். பழைய கட்டிடங்களைக் காக்கப் போராடும் இன்டாக் அமைப்பு ஹைகோர்ட்டுக்குப் போய்த் தடுத்தது. 2010-ல் தீர்ப்பு வந்தது. அதில் ஒரு வேடிக்கை உண்டு. கோர்ட் ஆதாரமாக எடுத்துக்கொண்டது நீதிபதி பத்மநாபன் கமிட்டியின் பட்டியல், 400-க்கும் மேற்பட்ட பழைய கட்டிடங்கள். அந்தக் கமிட்டி எதற்காகப் போட்டது தெரியுமா? விளம்பரப் பலகைகளை எடுக்க. எந்தெந்தக் கட்டிடத்தை மறைத்துப் பலகை வைக்கக்கூடாது என்று எழுதிய பட்டியல், கடைசியில் எந்தெந்தக் கட்டிடத்தை இடிக்கக்கூடாது என்கிற பட்டியலாகிவிட்டது.

---

மலைக்கோட்டை_மாமா

இடிக்கவும் கூடாது, சரிசெய்யவும் ஆள் இல்லை. இதற்கு எதற்கம்மா தீர்ப்பு?

---

நிழற்படம்_நித்தி

தீர்ப்பு இல்லையென்றால் இன்று அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டி நிற்கும் மாமா. இடிந்ததாவது நிற்கிறதே.

---

கொத்தனார்_பேரன்

அக்கா சொன்ன அரசங்கன்றைப் பற்றி. அதை வெட்டினால் மறுபடி துளிர்க்கும். தாத்தா காலத்தில் வேரில் துளை போட்டுப் பெருங்காயத்தை வைத்து அடைப்பார்கள், வேர் தானாகக் காய்ந்துவிடும் என்பார்கள். காய்ந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, எடுத்த இடத்தில் சுண்ணாம்பும் சுர்க்கியும் (செங்கல் தூள்)தான் அடைக்க வேண்டும். சிமெண்ட் கூடாது. பழைய செங்கல் மென்மை, சிமெண்ட் முரடு. வெயிலில் விரிந்து சுருங்கும்போது சிமெண்ட் அசையாது, செங்கல்தான் உடையும். இந்த ஒரு தப்பை நான் எத்தனையோ இடத்தில் பார்த்துவிட்டேன். போன வருஷம்கூட ஒரு பழைய வீட்டில் சொன்னேன், காண்ட்ராக்டர் கேட்கவில்லை. ஆறு மாதத்தில் பூச்சு பாளம் பாளமாகச் செங்கல் தோலோடு சேர்ந்து கழன்று வந்தது. பில் மட்டும் முழுசாக வாங்கிக்கொண்டார்.

---

செங்கல்_சூளை

தம்பி சொல்வது நூற்றுக்கு நூறு. ஆனால் நித்தி, ஒரு விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. சிவப்புக் கட்டிடத்துக்குப் போராட ஆள் இருக்கிறது. குவிமாடமும் வளைவும் இருப்பதால் பார்த்தவுடன் "பாரம்பரியம்" என்று புரிந்துவிடுகிறது. எல்.ஐ.சி. மாதிரி ஐம்பதுகளின் கான்கிரீட்டுக்கு நாளை அந்த நிலை வந்தால் யார் கோர்ட்டுக்குப் போவார்கள்? வெள்ளைத் தீப்பெட்டி, இதில் என்ன இருக்கிறது என்பார்கள். ஊரிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள் சிவப்புக் கட்டிடத்தைப் பார்க்கவா வந்தார்கள்? சினிமாவில் கதாநாயகன் மெட்ராஸ் வந்து இறங்கினான் என்று காட்ட சென்ட்ரல், அடுத்த ஷாட் எல்.ஐ.சி. பஸ் நிறுத்தத்துக்கு அந்தப் பெயர். 2019-ல் திறந்த மெட்ரோ ஸ்டேஷனுக்கும் அந்தப் பெயர். அண்ணா சாலை என்று மாறின பிறகும் ஜனங்கள் மவுண்ட் ரோடு என்பதை விடவில்லை, எல்.ஐ.சி. என்பதையும் விடவில்லை.

---

நிழற்படம்_நித்தி

இதில் ஒரு அரை மார்க் தருகிறேன். நானே அதை ஒழுங்காக ஒரு படம் எடுத்ததில்லை. எப்போது ஃபிரேமில் வந்தாலும் நகர்ந்து நின்று தவிர்த்திருக்கிறேன்.

---

கணக்குப்பிள்ளை

ஒரு பின்குறிப்பு. சிதம்பரம் செட்டியார் தொடங்கிய பேங்கும் 1969-ல் தேசியமயமானது. அதன் தலைமை அலுவலகமும் இதே அண்ணா சாலையில்தான் இருக்கிறது. 18 மாடி என்று திட்டம் போட்ட மனிதர் பேர் 15 மாடியில் எங்கும் இல்லை.

---

மட்டுறுத்துனர்

டால்மியா, முந்த்ராவை இன்றைய கட்சி அரசியலோடு சேர்த்து வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். கட்டிடத்தைப் பற்றிப் பேசுங்கள்.

---

மயிலை_மாடிவீடு

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு அப்பாவையும் மகளையும் அழைத்துக்கொண்டு போனேன். மெட்ரோவில் போய் எல்.ஐ.சி. ஸ்டேஷனில் இறங்கினோம். எஸ்கலேட்டரில் வெளியே வந்ததும் அப்பா கொஞ்ச நேரம் திசை தெரியாமல் நின்றார். கட்டிடம் இருக்கிற பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதைத் தேடினார். நான் தோளைப் பிடித்துத் திருப்பினேன்.

எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போனோம். வண்டி கூட்டம் இல்லாத நேரம். மகள் விரலை நீட்டிக் கீழிருந்து எண்ணினாள். பாதியில் ஒரு பஸ் வந்து மறைத்ததால் மறுபடி முதலிலிருந்து. அப்பா வாயைத் திறக்கவில்லை, ஆனால் உதடு அசைந்ததைப் பார்த்தேன். இரண்டாவது தடவை மகள், "தாத்தா, தரையோட சேர்த்தா பதினஞ்சு. நீயும் சரி, நானும் சரி" என்றாள். செங்கல்_சூளை எழுதியதை அவளுக்கு முன்னாடியே சொல்லிவைத்திருந்தேன்.

அப்பா யோசித்தார். கணக்குப்பிள்ளை எழுதிய கதையை எல்லாம் ரயிலில் வரும்போது சொல்லியிருந்தேன், மொரார்ஜி, டி.டி.கே., சிங்கப்பூர் விமானம், எல்லாவற்றுக்கும் தலையாட்டிக் கேட்டிருந்தார். அதைப் பற்றியெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை.

"தரை எப்படிம்மா மாடியாகும்?" என்றார்.

ப்ராஜெக்டில் இப்போது 14 என்று இருக்கிறது.